அம்மா கலந்த கலவை

எங்கள் கொல்லையில் துணி துவைக்கிற கல், உண்மையில் கல் இல்லை. அது ஒரு கான்கிரீட் பாளம். என் அம்மா தன் கையால் கலந்த கலவை. அதன் மேல்தான் என் பள்ளிச் சீருடையை அடித்துத் துவைத்தாள், கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போன சுடிதாரைத் துவைத்தாள், இப்போது நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் என் நைட்டிகளையும் துவைக்கிறாள். வாஷிங் மெஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதன் மேல் இட்லி மாவுப் பாத்திரம் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைப் பழிவாங்க வேண்டும் என்று நான் நினைத்தபோது எனக்கு இரட்டைச் சடை போடுகிற வயது. வாங்கி முடித்தபோது காதோரம் நரைத்திருந்தது. 'பழசையெல்லாம் மறந்துட்டுப் போம்மா' என்று சொல்கிற பெரிய மனசுக்காரர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். எனக்கு மறக்கவும் வராது, மன்னிக்கவும் வராது. வருகிற மாதிரி நடிக்கவும் நான் கற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் கீழ்வேளூரிலிருந்து உள்ளே போகிற ரோட்டில் இருக்கிறது. அம்மாவுக்கு இரண்டு வேலை. வயலில் வேலை இருக்கும்போது நடவுக்குப் போவாள். வயல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போவாள். இரண்டிலும் அவளுக்குப் பெயர் உண்டு. நடவில் இருந்த பெயர் பெரியது. கைராசிக்காரி. எங்கள் பக்கம் நடவு தொடங்கும்போது வயலின் வடகிழக்கில் இருக்கும் சனிமூலையில் முதல் நாற்றை யாராவது ஒரு கைராசிக்காரி ஊன்ற வேண்டும். அவள் ஊன்றிய பிறகுதான் மற்றவர்கள் வயலில் இறங்குவார்கள். பெரும்பாலும் அது அம்மாவாகத்தான் இருக்கும். பெரிய வீட்டுக்காரர்கள்கூட முதல் நாள் சாயங்காலமே ஆள் விட்டுச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, கொஞ்சம் கர்வமாகத்தான் போவாள். நானும் கூடப் போவேன், எனக்கும் கர்வம்.

நான் சொல்லும் மனிதர் எங்கள் ஊர் காண்ட்ராக்டர். மதகு, சிறு பாலம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் எல்லாம் அவர் கட்டியதுதான். அவர் டீக்கடைக்கு வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அம்மா வீட்டுக்குள் பேசும்போதுகூட அவரை 'அவுங்க' என்றுதான் சொல்வாள்.

வெயில் காலம் முழுக்க வாய்க்கால் வறண்டு கிடக்கும். அப்போதெல்லாம் மதகைப் பழுது பார்க்க யாருக்கும் தோன்றாது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகுதான் எங்கள் பக்கம் சிமெண்ட் மூட்டை வந்து இறங்கும். அந்த வருஷமும் அப்படித்தான். ஊருக்குக் கீழே இருந்த மதகின் பக்கச்சுவர் அரித்துப் போயிருந்தது. அதன் முகத்தில் ஒரு சாண் கனத்துக்குப் புதுக் கான்கிரீட் போர்த்துவதாக ஏற்பாடு. பழைய சுவர் மேல் முந்தைய வருஷத்து வண்டல் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. அதைச் சுரண்டிக் கழுவி, பழைய முகத்தை உளியால் கொத்திவிட்டு, பிறகுதான் புதுசை ஊற்ற வேண்டும். கொத்தினால்தான் புதுசு பழசைப் பிடிக்கும். அதற்கு ஒரு நாள் ஆகும். தண்ணீர் திருச்சியைத் தாண்டிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். காண்ட்ராக்டர் "ஊத்துங்கடா" என்றார். ஊற்றினார்கள். கலவை கலந்தது அம்மா.

தண்ணீர் வந்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு காலையில், போர்த்தியது மொத்தமும் சுவரிலிருந்து கழன்று வாய்க்காலுக்குள் சரிந்தது. பின்னால் இருந்த அரித்த சுவரால் நிற்க முடியவில்லை. கரை உடைந்தது. கீழே இருந்த நாற்றங்கால்கள் எல்லாம் முழுகின. ஊரே உடைப்பில் வந்து நின்றது. நானும் பள்ளிக்கூடப் பையோடு நின்றேன். நாற்று போனவர்கள் காண்ட்ராக்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மண்மூட்டை சுமந்துகொண்டிருந்த என் அம்மா மேல் கண் நின்றது.

"நான் என்ன பண்றது? இவதான் கலவ போட்டா. சிமெண்டு எது, மண்ணு எதுன்னு தெரியாம கலந்து வச்சிருக்கா. இவ கை வச்சா வெளங்குமா?" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சுவரைக் கழுவ நேரமில்லாத மனிதருக்குக் கை கழுவ நேரம் இருந்தது. 'விளங்காத கை' என்ற சொல் உடைப்புத் தண்ணீரைவிட வேகமாக ஊருக்குள் போனது. உடைப்பை அடைத்தார்கள். நாற்று மறுபடி விட்டார்கள். அந்த நடவுக்கு முதல் நாற்று ஊன்ற அம்மாவைக் கூப்பிட ஆள் வரவில்லை. அம்மா வழக்கம்போலத் தலைக்குக் குளித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவோடு நடவாட்கள் பேசிக்கொண்டே போனார்கள். ஒருத்தியும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு களை எடுக்கக் கூப்பிட்டார்கள், கட்டுத் தூக்கக் கூப்பிட்டார்கள். நடக் கூப்பிடவில்லை.

அதைக்கூட நான் பொறுத்திருப்பேனோ என்னவோ. என் மாமா மகளுக்கு வளைகாப்பு நடந்தது. வரிசையில் அம்மாவின் முறை வந்தது. அம்மா வளையலை எடுத்தாள். பக்கத்தில் நின்ற சம்பந்தி வீட்டு அம்மாள், "நீங்க அப்பறமாப் போடலாங்க, மொதல்ல சாப்புடுங்க" என்று சிரித்துக்கொண்டே வளையலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அம்மாவும் சிரித்தாள். சாப்பிடப் போய் உட்கார்ந்தாள். இலையில் வைத்த எதையும் தொடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குள் அது முடிவானது. அந்தக் காண்ட்ராக்டர் தன் வாயாலேயே, நாலு பேர் கேட்க, இந்தக் கை மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். சொல்ல வைப்பேன்.

என்னை எரிச்சல்படுத்தியது அம்மாதான். அவள் அவர் சொன்னதை நம்பினாள். "அவுங்க எவ்வளவு கட்டடம் கட்டுனவுங்க. அவுங்களுக்குத் தெரியாதா? எங் கைதான் சரியில்ல போல" என்பாள். இதையும் சொல்லிவிட்டு, வாய்க்காலில் கிடந்த பாளத்தில் ஒரு துண்டை, கயிற்றுக் கட்டிலில் பாதி இருக்கும், மாமாவை விட்டு டயர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கொல்லையில் நாலு செங்கல் மேல் வைத்து, துவைகல் ஆக்கிக்கொண்டாள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். நம்மைக் கெடுத்ததைக் கொண்டுவந்து வீட்டில் வைப்பார்களா?

தஞ்சாவூரில் பொறியியல் படித்தேன். மேற்படிப்பில் விரிசலை எடுத்துக்கொண்டேன். அதிலும் குறிப்பாக, இரண்டு பொருள்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் வருகிற விரிசல். ஏன் இதை எடுத்தாய் என்று வாத்தியார் கேட்டார். ஆர்வம் என்றேன். வன்மம் என்று சொன்னால் யார் சேர்த்துக்கொள்வார்கள்? இப்போது காற்றாலை இறக்கைகளை ஒட்டியிருக்கும் பசை எங்கே விடும், எப்போது விடும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை.

படிக்கும்போது ஒரு விடுமுறையில் வீட்டுக்கு வந்து, கடப்பாரையால் அந்தப் பாளத்தை நெம்பிப் புரட்டினேன். அம்மா பதறினாள். அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. பழைய சுவரின் ஒரு சில்லுகூட அதில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. முழுக்க மெல்லிசாக ஒரு வண்டல் பூச்சு, சந்தனம் பூசினாற்போல.

அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். தோசைக்கல்லில் எண்ணெய் தடவாமல் ஊற்றினால் தோசை பிய்ந்து பிய்ந்து வரும். ஏனென்றால் கல்லோடு அது கெட்டியாக ஒட்டியிருக்கிறது, அதனால் தன்னையே கிழித்துக்கொள்கிறது. எண்ணெய் தடவியிருந்தால் முழுசாக, வட்டம் குலையாமல் வரும். இது முழுசாக வந்திருக்கிறது. உன் மாவில் குறையில்லை, நடுவில் எண்ணெய் இருந்திருக்கிறது. காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல்தான் அந்த எண்ணெய். அம்மா கேட்டுக்கொண்டாள். "இப்ப நீ என்னாத்துக்கு இதப் பொரட்டுன, திருப்பி வையி" என்றாள்.

கல்லூரிக் கணினிக்கூடத்தில் அந்த மதகுச் சுவரைக் கட்டினேன். இதைப் பெரிய மந்திரமாக நினைக்க வேண்டாம். வயலை வரப்பு கட்டிப் பிரிப்பதுபோல, சுவரைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு சுமை தாங்கும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். பழசும் புதுசும் சேர்கிற கோட்டில் மட்டும் வேறு கணக்கு. அங்கே ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு பிடிமானம். எவ்வளவு இழுத்தால் தளரும், எவ்வளவு விலகினால் கையை விட்டுவிடும் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். பிறகு தண்ணீரை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கலாம்.

அந்தக் கோட்டில் வண்டல் இருக்கிற மாதிரி எழுதினேன். காய்ந்த வண்டல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பதுபோல நடித்தது. மேல் மூலையில் ஈரம் இறங்கியதும் சேறாகி விட்டுக்கொடுத்தது. மூலையில் தொடங்கிய விரிசல் அந்தக் கோட்டிலிருந்து இப்படி அப்படி விலகாமல், ஜிப்பைத் திறப்பதுபோல நேராகக் கீழே ஓடியது. போர்த்திய பகுதி சேதமில்லாமல் முழுசாக வழுக்கியது. சுமை தாங்காத இடம் திரையில் நீலத்திலிருந்து சிவப்பாகும்; அதன் நிறம் மாறவேயில்லை. அதாவது அதற்குள் எந்த நோவும் இல்லை.

பிறகு காண்ட்ராக்டரின் பொய்க்கு எல்லா வாய்ப்பும் கொடுத்தேன். சுவரைச் சுத்தமாகக் கழுவிக் கொத்திவிட்டதாக வைத்துக்கொண்டு, கலவையை மோசமாக்கினேன். சிமெண்டைக் குறைத்தேன், மண்ணைக் கலந்தேன், தண்ணீரைக் கூட்டினேன், எல்லாம் எண்களில்தான். கலவை வெடித்தது, உதிர்ந்தது, சுவரிலேயே தொங்கியது. பாளமாகக் கழன்று வரவேயில்லை. இன்னும் மோசமாக்கினேன். இன்னும் தூளாகத்தான் உதிர்ந்தது. மறுபக்கம், வண்டலை வைத்துக்கொண்டு உலகத்திலேயே நல்ல கலவையைப் போட்டேன். அதுவும் வழுக்கி விழுந்தது. திரையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

படங்களை எடுத்துக்கொண்டு வந்து மாமாவிடம் காட்டினேன். சிவப்பும் நீலமுமாக இருந்ததைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல என்ன வேணாலும் காட்டலாம்மா. ஊரு நம்புமா?" என்றார். கோபம் வந்தாலும் அவர் சொன்னது சரி. ஊருக்கு என் திரை தேவையில்லை, அந்த ஆளின் வாய்தான் தேவை. காத்திருந்தேன். காத்திருக்கும்போதே எங்கள் ஊர் வயல்களுக்கு நடவு மெஷின் வந்துவிட்டது. மெஷினுக்கு யாரும் கைராசி பார்ப்பதில்லை. அம்மாவுக்கு அந்தப் பெயரைத் திரும்ப வாங்கித் தந்தாலும் அதை ஊன்ற இனி வயல் கிடையாது என்று தெரிந்தபோது என் வெறி குறையவில்லை, கூடியது.

சென்ற அறுவடை முடிந்து கொஞ்ச நாளில், எங்கள் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. காரைப் பார்த்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். இறங்கியவர் காண்ட்ராக்டர். இப்போது அவருக்குக் கல்யாண மண்டபம் சொந்தமாக இருந்தது.

"வணக்கங்க மேடம். உக்காரலாங்களா?" என்றார். சின்ன வயதில் என்னை 'ஏ குட்டி' என்று கூப்பிட்ட வாய். கொல்லையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்ன, நல்லாருக்கியா?" என்றார் அம்மாவைப் பார்த்து. அதற்குள் 'ங்க' தீர்ந்துபோய்விட்டது.

"நல்லாருக்கேங்கய்யா" என்று சொல்லிவிட்டு அம்மா துவைகல்லுக்குப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். பழைய மண்டபத்தை ஒட்டி, புதிதாக ஒரு பந்தி ஹால் இழுத்துக் கட்டியிருக்கிறார். இரண்டும் சேர்கிற இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல். பழைய தூண்களைக் கனப்படுத்தப் போர்த்திய கான்கிரீட் ஓர் இடத்தில் பெயர்ந்து, பந்தி நடக்காத நேரமாகப் பார்த்து விழுந்திருக்கிறது. அதிகாரிகள் வந்து மண்டபத்தைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். விரிசல் தெரிந்த ஒரு எஞ்சினியர் பார்த்து எழுதிக் கொடுத்தால் பேசிப் பார்க்கலாம் என்றார்களாம். அவருக்கு அதைவிடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருந்தது.

"ஊருல என்ன பேசுறானுவ தெரியுங்களா? நான் சிமெண்டத் தின்னுட்டேனாம். கலவையில மண்ணக் கலந்துட்டேனாம். எங் கலவையக் கொற சொல்றானுவ மேடம்!" என்றார். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். "நீங்களே பாருங்க. கலவ மோசம்னா தூளாத்தான உதிரணும்? இது பலக மாதிரி முழுசா வந்துருக்கு. ஒரு மூல ஒடையல."

நான் பல வருஷம் படித்துக் கண்டுபிடித்ததை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு நொடியில் சொல்லிவிட்டார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். சொன்னார். "வெளியில நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும், சத்தமா சொல்லுங்க. அவங்களுந்தான பேசுறாங்க?" அவருக்கு அது பிடித்திருந்தது. வேலிப் பக்கம் திரும்பி, கையை நீட்டி, முழக்கமாகவே சொன்னார். முழுசாகப் பெயர்ந்து வந்தால் கலவையில் குறை இல்லை.

"அப்ப கலந்த ஆளு மேல தப்பில்ல?"

"எப்புடிங்க தப்பு இருக்கும்?"

"வாங்க" என்று எழுந்தேன். கொல்லைக்குக் கூட்டிப்போனேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்தவர்களும் கூடவே நகர்ந்தார்கள். அம்மா சோப்புக் கையோடு ஒதுங்கி நின்றாள். "குனிஞ்சு அடியில பாருங்க" என்றேன். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பார்த்தார். செங்கல்லுக்கு மேல் அந்த வழவழப்பான முகத்தில் இன்னும் வண்டல் நிறம் இருந்தது. கட்டடம் கட்டுகிறவருக்கு அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"பழசெல்லாம் எதுக்குங்க மேடம்" என்றார் மெதுவாக.

"முன்னாடி சொன்னத எங்க அம்மாகிட்ட சொல்லுங்க. 'ங்க' போட்டுச் சொல்லுங்க."

வேலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு என் கையெழுத்து தேவைப்பட்டது. "கலவையில கொற இல்லீங்க" என்றார் அம்மாவிடம். "ஒங்க கையில... ஒங்க கை நல்ல கைதாங்க."

"வேற எதுல கொற?" என்றேன்.

"கழுவாம ஊத்துனது."

"யாரு?"

துவைகல்லைப் பார்த்துக்கொண்டே, "நாந்தாங்க" என்றார்.

அந்த 'ங்க' காதில் விழுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பாவமாக இருந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இல்லை, இனித்தது. போகும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பூசி மெழுகி எழுதுங்க மேடம்" என்றார். பூசி மெழுகியதுதான் உங்கள் பிரச்சினையே என்றேன். மறுநாள் போய்ப் பார்த்து, உள்ளதை எழுதிக் கொடுத்தேன். கலவையில் குறை இல்லை என்பதுதான் முதல் வரி, எழுதும்போது கை கூசியது. புதிதாக இழுத்துக் கட்டியதை, பழசோடு சேர்கிற இடம்வரை இடித்தாக வேண்டும் என்பது கடைசி வரி, அதற்குக் கை கூசவில்லை. மண்டபம் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் கார் கிளம்பிய பிறகு நடந்ததை. அம்மா மறுபடி துணிக்கு முன்னால் போய் நின்றாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அழுவாள், சிரிப்பாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தேன்.

"அவரே சொல்லிட்டாரும்மா. கேட்டியா இல்லியா?" என்றேன்.

"கேட்டுச்சு."

"அவ்வளவுதானா?"

அம்மா ஈரக்கையால் பாளத்தின் மேல் இருந்த சோப்பு நுரையை வழித்துவிட்டாள். "இத எதுக்கு வண்டி வச்சுத் தூக்கியாந்தேன்னு நெனச்ச? தொவைக்கவா?" என்றாள்.

"பின்ன எதுக்கு?"

"ஒடையட்டும்னு. தெனமும் ஓங்கி ஓங்கி அடிச்சேன். இன்னிக்கி ஒடையும், நாளைக்கி ஒடையும்னு பாத்தேன். ஒடஞ்சிருந்தா, சரி, அவுங்க சொன்னது நெசந்தான், நம்ம கை வெளங்காத கைதான்னு மனசு அடங்கிருக்கும். ஒடையவே மாட்டேன்னுடுச்சு." வாளியைக் காலால் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பொய் சொல்லிட்டான்டி அந்தப் பய."

அம்மா வாயிலிருந்து அவரை 'அவன்' என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு வாளியிலிருந்து என் நைட்டியை எடுத்து முறுக்கி, பாளத்தின் மேல் ஓங்கி அடித்தாள்.